வேண்டாம் என்று வாக்களித்தவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜெனெட் ரேங்கின் பற்றிய உங்கள் குறிப்பை வாசித்தேன். ஜப்பான்மீது போர் அறிவிக்கும் தீர்மானம் 1941 டிசம்பர் 8 அன்று அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த ஒரே உறுப்பினர் அவர். நீங்கள் அவரைப் பெருமதிப்புடன் எழுதியிருந்தது எனக்கு உறுத்தியது. ஹிட்லர் ஐரோப்பாவை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில் ‘நமக்கென்ன’ என்று சொல்லி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அமெரிக்காவைக் கட்டிப்போட்டவர்கள் கோழைகள், அல்லது உள்ளூர ஹிட்லரை விரும்பியவர்கள் என்றே நான் நினைக்கிறேன். அவர்கள் வென்றிருந்தால் உலகம் என்னவாகியிருக்கும்? அநீதியைக் கண்டால் தலையிடுவது வலிமையுள்ள நாட்டின் கடமை இல்லையா? பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தை ஜப்பான் தாக்கும் என்று அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டுக்கு முன்பே தெரியும் என்கிறார்களே, அது உண்மையா?

எஸ்., கோவை

அன்புள்ள எஸ்.,

போருக்கு முன் ஒரு நாடு தனக்குள் எப்படிப் பேசிக்கொள்கிறது என்பதைப் பற்றிச் சில வாரங்களாகவே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் கடிதம் அந்த நேரத்தில் வந்ததால் பதில் எழுதுகிறேன். கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம். ஜப்பான் எங்கேனும் தாக்கும் என்று வாஷிங்டன் எதிர்பார்த்திருந்தது உண்மை. பேர்ல் ஹார்பர்தான் இலக்கு என்று தெரிந்தே ரூஸ்வெல்ட் வாளாவிருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அதில் உங்கள் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஹிட்லரை ஆயுதத்தால்தான் வீழ்த்த முடியும் என்று ரூஸ்வெல்ட் கணித்தது சரி என்றே நானும் கருதுகிறேன். எதிர்த்தவர்கள் வென்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நாம் இருவரும் கற்பனை செய்துகொண்டிருக்கத் தேவையில்லை. நான் உங்களோடு சண்டையிட வருவது வேறொன்றுக்காக.

கோழைகள் என்று எவ்வளவு எளிதாக எழுதிவிட்டீர்கள். அன்று அந்தச் சபையில் 388 பேர் ஆம் என்றார்கள், ரேங்கின் மட்டும் இல்லை என்றார். ஒரு பெண்ணாக நான் போருக்குப் போக முடியாது, ஆகவே வேறு எவரையும் அனுப்ப மாட்டேன் என்று அவர் சொன்னார். வெளியே வந்தவரைச் சினங்கொண்ட கூட்டம் சூழ்ந்தது. ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டு, காவலர்கள் வந்து அழைத்துச் செல்லும்வரை அங்கேயே நிற்க நேர்ந்தது. அவருடைய அரசியல் வாழ்வு அன்றோடு முடிந்தது என்பதை அவரே அறிவார். 1942 தேர்தலில் அவர் நிற்கவில்லை.

அந்த வாக்கைப் பற்றி வில்லியம் ஆலன் வைட் என்ன எழுதினார் என்பதை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். கான்சாஸின் எம்போரியா என்னும் சிற்றூரில் ‘எம்போரியா கெஸட்’ நாளிதழை நடத்தியவர் அவர். 1940 மே மாதம், நேச நாடுகளுக்கு உதவுவதன்மூலம் அமெரிக்காவைக் காப்போம் என்று ஒரு குழுவைத் தொடங்கித் தலைமையேற்று, அயல்நாட்டுப் போர்களில் அமெரிக்கா தலையிடக்கூடாது என்ற தனிமைவாதிகளை எதிர்த்து நாடெங்கும் குரல் கொடுத்தவரும் அவர்தான். உங்கள் கட்சிக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரேங்கினின் நிலைப்பாட்டை முற்றிலும் மறுத்துவிட்டு அவர் தொடர்ந்து எழுதினார்: காங்கிரஸில் (அமெரிக்க நாடாளுமன்றத்தில்) நூறு ஆண்களாவது இதைச் செய்ய விரும்பியிருப்பார்கள், ஒருவருக்கும் துணிவு வரவில்லை, இது வீரச் செயல். அந்தப் போரின் வெப்பத்தில் நின்ற மனிதருக்கு எதிர்த்தரப்பின் நெஞ்சுரம் கண்ணில் பட்டது. எண்பது ஆண்டுகளுக்குப் பின் பாதுகாப்பாக அமர்ந்து வாசிக்கும் உங்களுக்கு ஏன் படவில்லை?

அவர்கள் ஏன் எதிர்த்தார்கள் என்று நீங்கள் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கடிதமே வேறாக இருந்திருக்கும். அவர்கள் 1917ஐப் பார்த்தவர்கள். நம்மைப் போரிலிருந்து காத்தவர் என்ற முழக்கத்துடன் 1916இல் மீண்டும் வென்ற உட்ரோ வில்சன், அடுத்த ஏப்ரலிலேயே முதல் உலகப் போரில் இறங்க ஒப்புதல் கேட்டுக் காங்கிரஸின் முன் வந்து நின்றார். செனட்டில் 6 பேர் எதிர்த்தார்கள், பிரதிநிதிகள் சபையில் 50 பேர். மொன்டானாவிலிருந்து வந்திருந்த, காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண்ணான ரேங்கினும் அந்த ஐம்பதில் ஒருவர். ஜனநாயகத்துக்கு உலகைப் பாதுகாப்பாக்கும் போர் என்று சொல்லப்பட்ட அந்தப் போரில் ஏறத்தாழ 1,16,000 அமெரிக்கர்கள் இறந்தார்கள். இறப்பு மட்டுமா? 1918 ஏப்ரலில் இல்லினாய்ஸின் காலின்ஸ்வில்லில், ஜெர்மனியில் பிறந்த ஒரே குற்றத்துக்காக ராபர்ட் ப்ரேகர் என்ற தொழிலாளியை ஒரு கும்பல் மரத்தில் தூக்கிலிட்டது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் அனைவரும் விடுதலையானார்கள். அதே ஆண்டு ஜூன் மாதம் ஒஹையோவின் கேன்டன் நகரில் போரை எதிர்த்துப் பேசிய சோஷலிஸ்ட் தலைவர் யூஜின் டெப்ஸுக்குப் பத்தாண்டுச் சிறை. 1920 குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் சிறைக்குள்ளிருந்தே போட்டியிட்டு ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகள் பெற்றார். பிறகு 1934 முதல் செனட்டர் ஜெரால்ட் நையின் குழு, ஆயுத உற்பத்தியாளர்களும் வங்கிகளும் அந்தப் போரில் அடைந்த லாபத்தை விசாரித்து மக்கள் முன் வைத்தது. அயல்நாட்டுப் போர்களில் அமெரிக்கா சிக்காமலிருக்க 1935 தொடங்கி வரிசையாக வந்த நடுநிலைச் சட்டங்கள் அந்தச் சூட்டிலிருந்து பிறந்தவை. ஒருமுறை பெரிய சொற்களை நம்பிப் பிள்ளைகளைக் கொடுத்த நாடு இரண்டாம் முறை கேட்கப்பட்டபோது தயங்கியது. அந்தத் தயக்கத்துக்கு நீங்கள் வைத்திருக்கும் பெயரை என்னால் ஏற்க முடியாது.

ஹிட்லரை விரும்பியவர்கள் அவர்களிடையே இருந்தார்களா என்றால், இருந்தார்கள். 1940 செப்டம்பரில் யேல் பல்கலைக்கழகச் சட்ட மாணவர்களின் முயற்சியில் தொடங்கிய அமெரிக்கா ஃபர்ஸ்ட் குழு உச்சத்தில் சுமார் எட்டு லட்சம் உறுப்பினர்களைக் கொண்டிருந்தது. சோஷலிஸ்ட் தலைவர் நார்மன் தாமஸும், மொன்டானா செனட்டர் பர்ட்டன் வீலரும், விமானி சார்ல்ஸ் லிண்ட்பெர்கும் ஒரே மேடையில் நின்ற விந்தையான கூட்டம் அது. 1941 செப்டம்பர் 11 அன்று அயோவாவின் டெ மாய்ன் நகரில் லிண்ட்பெர்க், நாட்டைப் போருக்குத் தள்ளுவோர் என்று பிரிட்டிஷாரையும் யூதர்களையும் ரூஸ்வெல்ட் அரசையும் சுட்டிக்காட்டினார். அது அருவருப்பான பேச்சு. அதைத் தெளிவாக மறுத்து அவரை விலக்கத் துணியாதது அந்தக் குழுவின் மாறாத களங்கம். இதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

ஆனால் கடமை என்று எழுதுகிறீர்களே, அதில் வேறுபாடு உண்டு. 1939 கோடையில் 900க்கும் மேற்பட்ட பயணிகளுடன், அவர்களில் மிகப் பெரும்பாலோர் யூத அகதிகள், ‘செயின்ட் லூயிஸ்’ என்ற கப்பல் ஃப்ளோரிடாவின் கரையோரம் வந்தது. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. ஐரோப்பாவுக்குத் திரும்பிய அவர்களில் 254 பேர் பின்னர் படுகொலைக்கு இரையானார்கள். ஜெர்மனியிலிருந்து 20,000 குழந்தைகளை ஏற்கலாம் என்று அதே ஆண்டு வந்த மசோதா வாக்கெடுப்புக்கே வராமல் மடிந்தது. அந்தக் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்க ஒரு துப்பாக்கியும் தேவைப்பட்டிருக்காது. கடமையைப் பற்றிப் பேசுவோர் அங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்? தலையிடுவது என்றதும் உங்களுக்குப் படைகள் மட்டுமே நினைவுக்கு வருவதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது நான் சொல்ல விரும்பியதற்கு வருகிறேன். இந்தியானாவைச் சேர்ந்த லூயிஸ் லட்லோ என்ற காங்கிரஸ் உறுப்பினர், பத்திரிகையாளராக இருந்தவர், அரசியல் சட்டத்தில் ஒரு திருத்தத்தை ஆண்டுக்கணக்கில் விடாமல் முன்வைத்துக்கொண்டிருந்தார். நாடு தாக்கப்பட்டாலொழிய, போர் அறிவிப்பு மக்களின் நேரடி வாக்கெடுப்பில் வென்ற பிறகே செல்லும் என்பது அதன் சாரம். 1937 டிசம்பரில் யாங்சி ஆற்றில் ‘பனாய்’ என்ற அமெரிக்கப் போர்ப்படகை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த பின், போர் மூண்டுவிடுமோ என்ற அச்சத்தில் அந்தத் திருத்தத்துக்கு ஆதரவு பெருகியது. குடியரசுத் தலைவரின் கையைக் கட்டிவிடும் என்று ரூஸ்வெல்ட் கடிதம் எழுதித் தடுத்தார். 1938 ஜனவரி 10 அன்று, அதை விவாதத்துக்கு எடுப்பதா என்ற வாக்கெடுப்பிலேயே 188க்கு 209 என்று அது தோற்றது.

நடைமுறையில் அந்தத் திருத்தம் இயங்கியிருக்காது என்று வரலாற்றாசிரியர்கள் சொல்வதை நான் மறுக்கவில்லை. எதிரி நம் வாக்குப்பெட்டிகள் எண்ணப்படும்வரை காத்திருக்க மாட்டான். ஆனாலும் லட்லோ எழுப்பிய கேள்வி தோற்கவில்லை. சாகப் போகிறவனைக் கேட்டீர்களா? அவன் தாயைக் கேட்டீர்களா? ஒரு சாலைக்கு வரி போடவே மக்களைக் கேட்கும் நாடு, அவர்களுடைய பிள்ளைகளைக் கடல்கடந்து அனுப்பும்போது கேட்க வேண்டாமா? ஒரு போர் நியாயமானது என்பதே அதைக் கேட்காமல் தொடங்குவதற்கான உரிமையாகிவிடாது. நியாயமான போர் என்றால் அதைக் கேட்டு ஒப்புதல் பெறுவது எளிதாகத்தானே இருக்க வேண்டும்? தனிமைவாதிகளின் பிடிவாதத்தால் ரூஸ்வெல்ட் ஒவ்வொரு படியையும் வெளிப்படையாக வாதாடிப் பெற வேண்டியிருந்தது. அதனாலேயே நேச நாடுகளுக்கு ஆயுதம் வழங்கும் கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச் மாதம் செனட்டில் 31க்கு 60 என்று நிறைவேறியபோது அது ஒரு மனிதரின் ஆணையாக இல்லாமல் நாட்டின் முடிவாக நின்றது.

இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் எங்கள் வீட்டில் இருக்கிறது. 1939 செப்டம்பர் 3 அன்று இந்தியா போரில் இருக்கிறது என்று வைஸ்ராய் லின்லித்கோ அறிவித்தார். மத்திய சட்டசபையைக் கேட்கவில்லை, எந்தத் தலைவரையும் கேட்கவில்லை. அதை எதிர்த்தே சென்னையில் ராஜாஜியின் அமைச்சரவை அக்டோபர் இறுதியில் பதவி விலகியது. என் தாத்தாவின் தம்பி, நாங்கள் சின்னத்தாத்தா என்று அழைத்தவர், மழை பொய்த்த ஒரு ஆண்டில் சம்பளத்துக்காகப் படையில் சேர்ந்து, 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பானியரிடம் சிறைப்பட்டவர். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் என்ன பகை என்று தனக்கு யாரும் சொன்னதில்லை என்பார். நான் கல்லூரியில் படித்த காலத்தில் ஒருநாள், அமெரிக்காவில் கட்டாயப் படைச்சேவையை நீட்டிக்கும் மசோதா 1941 ஆகஸ்ட் 12 அன்று 203க்கு 202 என்று ஒரே வாக்கில் நிறைவேறியதைப் படித்துவிட்டு அவரிடம் சொன்னேன். “ஓட்டுப் போட்டா முடிவு பண்ணாங்க?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். யார் ஜெயித்தார்கள் என்று அவர் கேட்கவே இல்லை. எதிர்த்துப் போட்ட 202 பேரையும் பிறகு என்ன செய்தார்கள் என்று கேட்டார். ஒன்றும் செய்யவில்லை, அவர்கள் அடுத்த நாளும் சபைக்கு வந்தார்கள் என்றேன். நெடுநேரம் அவர் நம்பவில்லை.

ரூஸ்வெல்ட்டை நீங்கள் வணங்குவதால் இதையும் சொல்கிறேன். 1940 அக்டோபர் 30 அன்று பாஸ்டனில், உங்கள் பிள்ளைகள் எந்த அயல்நாட்டுப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள் என்று தாய் தந்தையருக்கு அவர் உறுதி சொன்னார். 1941 செப்டம்பரில் ‘கிரீர்’ என்ற போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி காரணமின்றித் தாக்கியதாக வானொலியில் முழங்கினார். அந்தக் கப்பல் மணிக்கணக்கில் நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து பிரிட்டிஷ் விமானத்துக்கு அதன் இருப்பிடத்தைத் தெரிவித்தது என்பதை மறைத்தார். லிண்ட்பெர்க் டெ மாய்னில் யூதர்களைப் பழித்த அதே இரவில்தான் இந்த உரையும் ஒலித்தது. நல்ல நோக்கத்துக்காகச் சொன்ன பொய் என்று பலர் மன்னிக்கிறார்கள். எனக்கு மன்னிக்க மனம் வரவில்லை, ஏனென்றால் பின்னால் வந்தவர்கள் அந்த வழியைக் கற்றுக்கொண்டார்கள்.

அமெரிக்கக் காங்கிரஸ் முறையாகப் போர் அறிவித்தது 1942 ஜூன் மாதத்தோடு சரி. கொரியாவுக்கும் வியட்நாமுக்கும் இராக்குக்கும் அப்படி ஓர் அறிவிப்பு இல்லை. 1964 ஆகஸ்டில் வியட்நாமையொட்டிய டாங்கின் வளைகுடாவில் அமெரிக்கக் கப்பல்கள் தாக்கப்பட்டன என்று குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன் சொன்னார். இரண்டாவது தாக்குதல் நடக்கவே இல்லை என்பது பிறகு தெளிவாயிற்று. வேண்டிய நடவடிக்கை எல்லாம் எடுக்க அவருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் சில நாட்களில், பிரதிநிதிகள் சபையில் ஒரு எதிர்ப்பும் இன்றி 416 வாக்குகளோடு நிறைவேறியது. லட்லோவைப் போலக் குறுக்கே நிற்க அங்கே எவரும் இல்லை. 58,000 அமெரிக்கர்களும், லட்சக்கணக்கான வியட்நாமியர்களும் அதன் பின் மாண்டார்கள். 1968 ஜனவரியில் எண்பத்தேழு வயது ஜெனெட் ரேங்கின் ஆயிரக்கணக்கான பெண்களின் முன்னால் வாஷிங்டனில் நடந்து சென்றது அந்தப் போரை நிறுத்தக் கோரித்தான்.

1964இன் அந்தத் தீர்மானத்துக்குச் செனட்டில் மட்டும் 88 பேருக்கு எதிராக இருவர் இல்லை என்றார்கள்: ஆரிகனின் வெய்ன் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் க்ரூனிங். இருவரும் 1968இல் தங்கள் இடங்களை இழந்தார்கள். மோர்ஸ் அந்தத் தீர்மானத்தின்மீது பேசியதைத் தேடி வாசியுங்கள்; வாசித்த பிறகு, வலிமையுள்ள நாட்டின் கடமை பற்றிய உங்கள் கேள்வியை மறுபடி எனக்கு எழுதுங்கள். கட்டாயம் பதில் எழுதுவேன்.

அன்புடன்