கொழும்புத் தொடர்மாடி பல்கனியில் ஷிஷிட்டோ மிளகாய் வளருமா? உறைப்பே இல்லாத மிளகாயை வைத்து என்ன சமைப்பது?

வளரும். வெள்ளவத்தையில் கடல் பக்கம் பார்த்த பல்கனியில் என்னிடம் இப்போதும் காய்த்துக்கொண்டிருக்கிறது. ஜப்பான் செடி இந்த வெக்கையைத் தாங்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கேயும் அது கோடைகாலப் பயிர்தான். கறிமிளகாய், பச்சை மிளகாய் எல்லாம் எந்த இனமோ இதுவும் அதே இனம். கறிமிளகாய் வளர்த்த கை என்றால் புதிதாகப் படிக்க அதிகம் இல்லை.

இங்கே செடியைக் கெடுப்பது வெயில் அல்ல, உப்புக் காற்றும் மழையும்தான். கடல் காற்று நேரே பட்டால் இலை ஓரம் கருகும். அரைச் சுவருக்குப் பின்னால் வையுங்கள், காலை வெயில் விழுந்தால் போதும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கினால் சாடியைக் கூரைக்குள் இழுத்துவிடுங்கள். தும்புச்சோறு, கொம்போஸ்ட், கொஞ்சம் மணல் கலந்த மண் நல்லது. அடித்தட்டில் தண்ணீர் தேங்கினால் வேர் அழுகிப் போகும். மார்ச், ஏப்ரலில் இரவும் புழுங்கும்போது பூ கொட்டும். அதற்குப் பயந்து உரத்தை அள்ளிப் போடாதீர்கள், மழை வந்ததும் தானாகப் பிடிக்கும்.

இலை சுருண்டால் எந்தப் பக்கம் சுருள்கிறது என்று முதலில் பாருங்கள். மேல்நோக்கிப் படகு மாதிரி மடங்கினால் பெரும்பாலும் இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, கொழுந்து தடித்துச் சிறுத்தால் கண்ணுக்குத் தெரியாத மைட் என்ற உண்ணி. முன்னதுக்கு வேப்பெண்ணெயும் சவர்க்காரத் தண்ணீரும் கேட்கும். பின்னதுக்குத் தண்ணீரில் கலக்கும் கந்தகத்தூள், அதையும் வெயில் ஏறுமுன் தெளியுங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தை அடித்துவிட்டு "ஒன்றும் சரிவரேல்லை" என்று சொல்பவர்கள்தான் அதிகம்.

விதை பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டிலிருந்து வரும் உறவுக்காரரிடம் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லாதீர்கள். நடுகைக்கான விதைக்கு இறக்குமதி அனுமதி வேண்டும், தாவரத் தொற்றுக்காப்புச் சோதனையும் உண்டு. இங்கே வளர்ப்பவரிடம் ஒரு பழம் வாங்குவதே சுகம்.

இனி உறைப்பு. மிளகாயின் உறைப்பை அளக்கும் ஸ்கோவில் கணக்கில் இது 50 முதல் 200 வரைதான். மெக்சிக்கோ மிளகாயான ஹலபீனோவுக்கே 2,500க்கு மேல். ஆனாலும் பத்தில் ஒன்று உறைக்கும் என்று பொதுவாகச் சொல்வார்கள், அது உண்மைதான். எது அந்த ஒன்று என்று வெளித்தோற்றத்தில் தெரியாது. தண்ணீர் காய்ந்து செடி வாடினால் அந்தக் கணக்குக் கூடும். பக்கத்துச் சாடியில் கொச்சிக்காய் நின்றால் இதுவும் உறைக்கும் என்று எங்கள் மாமி சொல்லுவா. இந்தக் காய்க்கு அப்படி ஒன்றும் ஆகாது. மகரந்தம் கலந்தால் அதன் குணம் விதைக்குள்தான் போகும், அடுத்த தலைமுறைச் செடியில்தான் தெரியும். விதை எடுக்க நினைத்தால் மட்டும் சில பூக்களை மெல்லிய துணிப் பையால் மூடுங்கள்.

சமையலுக்கு வருவோம். சொதிக்குப் பச்சை மிளகாய்க்குப் பதில் இதைப் போட்டால் சொதி சப்பென்று ஆகிவிடும். குழம்பிலும் கரைந்து போகும், தோல் அவ்வளவு மெல்லிசு. அதற்குக் கறிமிளகாய் இருக்கிறது. இதற்கு உரியது வறண்ட சூடு.

விரல் நீளக் காய்களைக் காம்போடு கழுவி ஈரம் போகத் துடையுங்கள். ஒவ்வொன்றிலும் ஊசியால் ஒரு குத்து, இல்லாவிட்டால் உள்ளே காற்றுப் பெருத்து வெடித்து எண்ணெய் கையில் தெறிக்கும். இரும்புத் தாச்சி புகைய ஆரம்பித்ததும் ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய், பிறகு காய்கள். கிளறாமல் விடுங்கள். தோல் கொப்பளித்துக் கறுப்புப் புள்ளி விழுந்ததும் ஒரு தரம் பிரட்டி, காய் சோர்ந்து படுத்தவுடன் இறக்கி உப்பு, தேசிக்காய். காம்பைப் பிடித்து முழுதாய்க் கடிக்கலாம், விதை எடுக்க வேண்டாம்.

ஜப்பானில் இதன்மேல் கட்சுவோபுஷி என்ற காய்ந்த மீனைச் சீவிப் போடுவார்கள். அதைத் தேடிச் சுப்பர்மார்க்கெட்டில் காசைக் கொட்ட வேண்டியதில்லை. அதுவும் நம்முடைய மாசியும் ஒரே சூரை மீனிலிருந்து வருபவை, இரண்டுமே புகையில் காய்ந்தவை. மாசியை உரலில் பொடியாக இடித்து, சில சொட்டு சோயா சோஸோடு தூவிப் பாருங்கள். எனக்கு இதுதான் கூடப் பிடிக்கிறது. கியோத்தோ வீடுகளில் மங்கஞ்சி என்ற பெரிய மிளகாயைச் சின்னக் காய்ந்த மீனோடு சோயா சோஸில் வதக்குவார்கள். அந்த முறையில் நெத்தலிக் கருவாட்டை முதலில் மொறுமொறுப்பாகப் பொரித்து, வதங்கிய மிளகாயோடு ஒரு சிட்டிகை சீனியும் சோயா சோஸும் விட்டுப் பிரட்டினால் சோற்றுக்கும் புட்டுக்கும் சேரும்.

பச்சையாகவே பறித்துவிடுங்கள், அப்போதுதான் செடி தொடர்ந்து பூக்கும். தவறிச் சிவந்துவிட்டால் எறிய வேண்டாம். பழுத்தது இன்னும் இனிக்கும், சாலட்டில் நறுக்கிப் போடலாம்.