டிராகனும் ஐந்து குடம் தண்ணீரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். நங்கநல்லூரில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் சனிக்கிழமை மாலைகளில் ஐந்து பேர் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடுகிறோம். ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, பகடை உருட்டி ஆடும் ஆட்டம் அது. சென்ற வாரம் சண்டை வந்துவிட்டது. எங்களில் ஒருவருடைய வீரன் அறுபது அடி உயரக் கோட்டைச் சுவரிலிருந்து குதித்தான், எழுந்தான், வாளை உருவிக்கொண்டு ஓடினான். கட்டுமானப் பொறியாளரான நண்பர், "ஆறு மாடி உயரம், ஓர் எலும்பு மிஞ்சாது" என்றார். ஆட்டத்தை நடத்துபவர், "டிராகன் பறப்பதை நம்புகிறாய், இதை நம்ப மாட்டாயா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு ஆட்டம் ஓடவில்லை.

எங்கள் கதை நடப்பது ராஜராஜன் காலத்துத் தஞ்சையில். சத்திரத்தில் மிளகாய் பஜ்ஜி பரிமாறியபோதும் அதே நண்பர் முகம் சுளித்தார். கற்பனை உலகில் யதார்த்தத்தை எதிர்பார்ப்பது முறைதானா?

எஸ்., நங்கநல்லூர்

*

அன்புள்ள எஸ்.,

நான் உங்கள் பொறியாளர் நண்பரின் கட்சி. ஆனால் எலும்புக் கணக்குக்காக அவர் பக்கம் சேரவில்லை.

"டிராகனே இருக்கிறது, இதற்கென்ன?" என்ற பதிலைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. கதை படிப்பவர் நம்பினால் போதும். ஆடுபவர் நம்பியதோடு நிற்க முடியாது, அந்த நம்பிக்கையின் மேல் முடிவெடுத்தாக வேண்டும். இந்தக் கயிறு தாங்குமா, மூன்று நாள் நடைக்கு எவ்வளவு அரிசி கட்டிக்கொள்வது, மழையில் தீப்பந்தம் அணையுமா? இவற்றுக்கெல்லாம் அவரிடம் இருப்பது இந்த உலகத்தில் வாழ்ந்த அனுபவம் மட்டும்தான். ஆட்டத்தின் விதி வேறு மாதிரி சொல்லாத இடமெல்லாம் நம் உலகம்தான் என்பது மேசையைச் சுற்றி உட்காரும்போதே எல்லோரும் செய்துகொள்ளும் ஒப்பந்தம். அதைப் பிடுங்கிவிட்டால் ஆடுபவருக்கு யோசிக்க எதுவும் இருக்காது, பகடையை உருட்டிக்கொண்டிருக்கலாம்.

இப்போது சுவருக்கு வருகிறேன். விழும் ஒவ்வொரு பத்து அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டி, வரும் எண்ணை வீரனின் ஹிட் பாயிண்ட்டிலிருந்து, அதாவது அவன் அடி தாங்கும் கணக்கிலிருந்து, கழிப்பது விதி. அறுபது அடிக்கு ஆறு பகடை. எவ்வளவு மோசமாக விழுந்தாலும் 36 ஹிட் பாயிண்ட்டுக்கு மேல் போகாது. உங்கள் வீரனிடம் ஐம்பது இருந்திருந்தால், அவன் சாக மாட்டான் என்பது குதிப்பதற்கு முன்பே அவனை ஆடியவருக்குத் தெரியும். 1974-ல் டேவ் ஆர்னசனோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை உருவாக்கிய கேரி கைகாக்ஸ், ஹிட் பாயிண்ட் என்பது சதையும் எலும்பும் மட்டும் இல்லை, திறமையும் அதிர்ஷ்டமும் தெய்வத் துணையும் சேர்ந்தது என்று 1979-ல் வந்த கையேட்டில் விளக்கியிருக்கிறார். அப்படிப் பார்த்தால் பிழைத்ததில் குற்றமில்லை. வைக்கோல் வண்டிமேல் விழுந்திருக்கலாம், மரக்கிளை தடுத்திருக்கலாம். உங்கள் மாடியில் உறுத்தியது வேறொன்று என்று நினைக்கிறேன். ஆடியவர் வீரனின் கணக்கை எழுதிவைத்த தாளைப் பார்த்தார், கூட்டினார், குதித்தார். சுவரின் விளிம்பில் நின்ற மனிதன் கீழே இருந்த தரையைப் பார்க்கவே இல்லை. சுவர் 36 என்ற எண்ணாகிவிட்டது.

ஆகவே விதியைக் கடுமையாக்கச் சொல்ல மாட்டேன். கைக்கும் காலுக்கும் தனித்தனியாகக் காயக் கணக்கு வைக்கும் ரூன்குவெஸ்ட் என்ற ஆட்டம் 1978-லேயே வந்துவிட்டது; அதை விரும்பி ஆடுபவர்களும் இருக்கிறார்கள். உங்கள் மேசைக்கு அது வேண்டியதில்லை. பகடையை எடுக்கும் முன் ஆட்டத்தை நடத்துபவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும்: "குனிந்து பார்க்கிறாய், கீழே என்ன தெரிகிறது?"

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். 2019 கோடை உங்களுக்கு நினைவிருக்கும். செம்பரம்பாக்கம், புழல், பூண்டி, சோழவரம் நான்கும் வறண்டு, ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த வருடம். அந்த மாதங்களில் வேளச்சேரியில் ஒரு நண்பர் வீட்டில் ஆட்டம் நடத்திக்கொண்டிருந்தேன். முற்றுகையில் சிக்கிய நகரம். எதிரி வாய்க்காலை அடைத்துவிட்டான். பத்தாயிரம் பேர் தாகத்தில் இருக்கிறார்கள். அன்று ஆட வந்த கல்லூரி மாணவி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "இந்த உலகத்துப் பூசாரிகளுக்குத் தண்ணீர் வரவழைக்கும் மந்திரம் தெரியும். பிறகு ஏன் தாகம்?"

அன்று காலை லாரித் தண்ணீருக்கு இரண்டு மணி நேரம் வரிசையில் நின்றுவிட்டு வந்தவள் அவள். கேள்வியில் விளையாட்டு இல்லை. "அது மாயம், விட்டுவிடு" என்ற பதில் என் நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் ஆட்டம் அங்கேயே செத்திருக்கும். காகிதத்தை எடுத்தோம்.

அந்த மந்திரம் ஒரு தடவைக்குப் பத்து கேலன், அதாவது ஏறக்குறைய 38 லிட்டர் தரும். புதிதாகச் சேர்ந்த பூசாரி ஒரு நாளில் இரண்டு முறைதான் சொல்ல முடியும். ஏறக்குறைய 75 லிட்டர். அவள் உடனே "ஐந்து குடம்" என்றாள். நகரங்களில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நம் அரசு வைத்திருக்கும் அளவு. அந்தக் கணக்கில் ஒரு பூசாரியால் ஒருவரைக்கூடத் தாங்க முடியாது. குடிக்க மட்டும் என்றால், தலைக்கு மூன்று லிட்டராக இருபத்தைந்து பேர். நகரத்தில் நாற்பது பூசாரிகள் என்று நான் ஏற்கெனவே எழுதி வைத்திருந்தேன். ஆயிரம் பேருக்குத் தண்ணீர் உண்டு, ஒன்பதாயிரம் பேருக்கு இல்லை.

யார் அந்த ஆயிரம் பேர்?

அங்கிருந்துதான் எங்கள் ஆட்டம் தொடங்கியது. கோயில் வாசலில் வரிசை வந்தது, முன்னால் நிற்க ஒரு விலை வந்தது, இரவில் நெசவாளர் தெருவுக்கு ஒரு குடம் கடத்திக்கொண்டு போன பூசாரி வந்தார். தண்ணீருக்கு மந்திரத்தைச் செலவழித்த பூசாரியிடம் காயத்தை ஆற்ற மந்திரம் மிச்சமிருக்காது. அதுவும் புத்தகத்தில் உள்ள விதிதான். சுவரில் அடிபட்ட வீரனைப் படுக்கவைத்துக்கொண்டு, இவனா, இருபத்தைந்து பேரின் நாளைய தாகமா என்று நால்வர் அரைமணி நேரம் வாதாடினார்கள். ஒருவர் எழுந்து பால்கனிக்குப் போய்விட்டார். மூன்று வாரம் டிராகன் வரவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மாயத்தைக் குறைத்ததால் வந்த நம்பகத்தன்மை இல்லை இது. மாயத்தை நிஜமென்று எடுத்துக்கொண்டு, அது சமையலறைவரை என்ன செய்யும் என்று பின்தொடர்ந்து போனதால் வந்தது.

இது நமக்குப் புதிதும் இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைக்கின்றன. அதற்கு முன் யானைத் தந்தத்தால் பல் விளக்குகின்றன, யானையின் விலா எலும்பால் நாக்கு வழிக்கின்றன. சமணப் பேய் ஒருவேளைதான் உண்ணும், அதற்கு ஊற்றும் கூழில் மயிர் இருக்கிறதா என்று பார்த்து வடிகட்டி ஊற்ற வேண்டும் என்கிறார் ஜெயங்கொண்டார். பேய் உண்டா இல்லையா என்ற கேள்வி அந்த இடத்தில் எனக்கு எழுவதே இல்லை. பேயான பிறகும் நோன்பை விடாத ஒருவரை நான் பார்த்துவிடுகிறேன்.

விக்கிரமாதித்தனின் பட்டியையும் நினைத்துக்கொள்ளுங்கள். சிம்மாசனத்தில் ஆயிரம் ஆண்டு என்பதுதான் இந்திரன் கொடுத்த வரம். ஆறு மாதம் நாடு, ஆறு மாதம் காடு என்று பிரித்து, வரத்தில் ஒரு சொல்லையும் மாற்றாமல் பட்டி அதை இரண்டாயிரம் ஆண்டாக்கினான். வரம் உறுதியாக நின்றதால்தான் அவன் புத்திக்கு வேலை இருந்தது. நல்ல ஆட்டக்காரர் ஒவ்வொருவரும் பட்டியாக விரும்புகிறவர். இந்திரன் நினைத்தபோதெல்லாம் வரத்தை மாற்றினால் பட்டி என்ன செய்வான்?

மிளகாய் விஷயம் சிறியது, ஆனால் உங்கள் நண்பர் சொன்னது சரி. ராஜராஜன் மறைந்தது 1014-ல். அமெரிக்கக் கண்டத்து மிளகாய் போர்ச்சுகீசியர் வழியாக இங்கே வந்து சேர அதற்குப் பிறகு ஐந்நூறு ஆண்டுகள் ஆயின. ஊருக்கு நீங்களாக ஒரு பெயர் வைத்திருந்தால் பஜ்ஜியைத் தாராளமாகப் போடலாம். தஞ்சை என்று சொன்னீர்கள். தஞ்சையைப் பற்றித் தனக்குத் தெரிந்ததை நம்பித்தான் அவர் உட்கார்ந்திருக்கிறார். அவரிடமே கேளுங்கள், அன்று என்ன இருந்தது என்று. மிளகு இருந்தது. மிளகு இருந்தால் மூட்டை இருக்கும், மூட்டை இருந்தால் வணிகர் இருப்பார், வணிகர் இருந்தால் காவலுக்கு ஆள் இருக்கும். வரும் சனிக்கிழமை சத்திரத்துத் திண்ணையில் ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவைச் சேர்ந்த ஒரு வணிகரும் வாள் ஏந்திய நால்வரும் உட்கார்ந்திருக்கட்டும். மலைநாட்டிலிருந்து வரும் வழியில் மூன்று மூட்டை காணாமல் போய்விட்டது என்று அவர் சொல்லட்டும்.