ஒரே ஒரு புரதம் மார்பகப் புற்றுநோயின் வளர்ச்சியையும் பரவலையும் எவ்வாறு மாற்றுகிறது?

இக்கேள்விக்கு ஈ-கேட்ஹெரின் என்னும் புரதத்தைக் கொண்டு விடை சொல்வது பொருத்தமாக இருக்கும். செல்லின் சவ்வை ஊடுருவி நிற்கும் இப்புரதத்தின் வெளிமுனை, கால்சியத்தின் துணையோடு, அடுத்த செல்லில் உள்ள அதே புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. உள்முனையோ கேட்டெனின் எனப்படும் வேறு புரதங்கள் வழியாக செல்லின் எலும்புக்கூடு போன்ற ஆக்டின் இழைகளோடு இணைகிறது. பால் நாளங்களின் உட்சுவர் சிதறாமல் இருப்பதற்கு இப்பிணைப்பு இன்றியமையாதது.

மார்பகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ 10 முதல் 15 விழுக்காடு வரை உள்ள, பால் சுரப்பி மடல் சார்ந்த லோபுலார் வகையில், பெரும்பாலும் ஈ-கேட்ஹெரினை உருவாக்கும் சிடிஹெச்1 மரபணு பழுதடைவதால், இப்புரதம் மறைந்துவிடுகிறது. பிடிப்பை இழந்த செல்கள் கட்டியாகத் திரளாமல் ஒற்றை வரிசையாகத் திசுவுக்குள் ஊர்ந்து செல்கின்றன. இதனாலேயே இவ்வகை கைக்கும் மேமோகிராம் என்னும் மார்பக எக்ஸ்ரே படத்துக்கும் எளிதில் தட்டுப்படுவதில்லை.

அப்படியானால் இப்புரதம் எப்போதும் நோயைத் தடுக்கும் காவலன்தானா என்றால், இல்லை. எனக்கு மிகவும் சுவையானதாகத் தோன்றுவது இந்த இடமே. மிகுதியாகக் காணப்படும், பால் நாளம் சார்ந்த டக்டல் வகையில், தொலைவிலுள்ள உறுப்புகளுக்குப் பரவிய செல்களிலும் ஈ-கேட்ஹெரின் பெரும்பாலும் நீடிக்கிறது. 2019-இல் வெளியான எலி ஆய்வொன்றில், அதை நீக்கியபோது செல்கள் சுற்றுத்திசுவுக்குள் கூடுதலாக ஊடுருவின என்றாலும், அவற்றின் பெருக்கம் குறைந்தது, ஆக்ஸிஜனிலிருந்து உருவாகும் தீங்கான மூலக்கூறுகளின் தாக்கத்தால் பல செல்கள் மடிந்தன, புதிய இடத்தில் வேரூன்றும் திறனும் வெகுவாகச் சரிந்தது. ஊடுருவுவதும் உயிர் பிழைத்துக் குடியேறுவதும் வெவ்வேறு திறன்கள் என்பதால், ஒரே புரதம் முன்னதைத் தடுத்துக்கொண்டே பின்னதற்குத் துணைநிற்க முடிகிறது.