நடக்கிற பிள்ளைக்கும் ஸ்ட்ரோலர் வேண்டுமா? – வாசகர் கேள்வி பதில்

கோடை விடுமுறை நெருங்கினாலே அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கும் ஆர்லாண்டோ பயணம் பற்றிய கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை வந்தவற்றில் பல, அங்குள்ள வால்ட் டிஸ்னி வேர்ல்டு கேளிக்கைப் பூங்காக்களுக்குக் கைக்குழந்தையையும் ஸ்ட்ரோலரையும் (குழந்தையை உட்கார வைத்துத் தள்ளும் வண்டி) கொண்டுபோவது பற்றியவை. அதனால் இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில் சொல்லிவிடுகிறேன்.

அக்கா, மூத்தவனுக்கு ஐந்து வயது, சின்னவளுக்குப் பத்து மாதம். ஜூலையில் நாலு நாள் டிஸ்னி வேர்ல்ட் போகிறோம். மூத்தவன் ஸ்ட்ரோலரில் உட்காருவதை எப்போதோ விட்டுவிட்டான். மதுரையிலிருந்து வந்திருக்கும் மாமியார், "ஓடி ஆடுற பிள்ளையப் போயி வண்டியில வச்சுத் தள்ளுவீங்களா?" என்கிறார். இரட்டை ஸ்ட்ரோலர் வாங்குவதா, ஒற்றையே போதுமா? கடையில் ஒரு வேகன் பார்த்தேன், இரண்டு பேரையும் அதில் உட்கார வைத்து இழுத்துவிடலாம் போல இருக்கிறது. – வாசகி, டாலஸ்

வேகன் வேண்டாம், வாங்கிவிடாதீர்கள். 2019 மே 1 முதல் டிஸ்னி வேர்ல்ட் பூங்காக்களுக்குள் வேகனுக்கு அனுமதி இல்லை. ஸ்ட்ரோலர் மாதிரியே தள்ளுகிற வேகனாக இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்கு வந்த இன்னொரு விதி, ஸ்ட்ரோலர் 31 அங்குல அகலம், 52 அங்குல நீளத்துக்குள் இருக்க வேண்டும் என்பது. இருவரும் பக்கத்துப் பக்கத்தில் உட்காரும் இரட்டை ஸ்ட்ரோலர்களில் பெரும்பாலானவை இந்த அளவுக்குள் வந்துவிடும், இருந்தாலும் வாங்குவதற்கு முன் டேப் வைத்து அளந்துவிடுங்கள்.

மூத்தவனுக்கு வண்டி வேண்டுமா என்றால், கண்டிப்பாக வேண்டும். வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்கோ பக்கத்துப் பூங்காவுக்கோ நடப்பதை வைத்து இதைக் கணக்குப் போடக் கூடாது. டிஸ்னி வேர்ல்ட் பூங்காக்களில் ஒன்றான எப்காட்டில் ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன, அந்த ஒரு சுற்று மட்டுமே கிட்டத்தட்ட 1.9 கிலோமீட்டர், அதுவும் பூங்காவின் பின்பாதிதான், முன்பாதியை இன்னும் நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. வெயிலில் காலையிலிருந்து நடந்து, வரிசையில் நின்று, இரவு வாணவேடிக்கையும் பார்த்து முடித்துவிட்டு, அத்தனை கூட்டத்தோடு வாசலை நோக்கி வரும்போது ஐந்து வயதுப் பிள்ளை "தூக்குப்பா" என்று நின்றுவிடும். பதினெட்டு கிலோ பிள்ளை தூங்கிப்போய்த் தோளில் விழுந்தால் எவ்வளவு கனக்கும் என்று உங்களுக்கே தெரியும், அந்த நேரத்தில் சின்னவளும் தூக்கத்துக்கு அழுதுகொண்டிருப்பாள்.

ஒற்றை ஸ்ட்ரோலரின் பின்னால் மூத்தவன் ஏறி நிற்க ஒரு பலகை மாட்டிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். நிற்கலாம், ஆனால் தூங்க முடியாதே! அதனால் என் ஓட்டு இரட்டைக்குத்தான். எடை குறைவானதாக, முதுகுப்பக்கம் நன்றாகச் சாய்கிறதாக, வெயில் மறைக்கும் மேற்கூரை பெரியதாக இருக்கட்டும். இருக்கைக்கு எத்தனை கிலோ வரை தாங்கும் என்று ஸ்டிக்கரில் போட்டிருக்கும், அதைப் பார்க்காமல் வாங்க வேண்டாம். சில இலகுவான மாடல்கள் 15 கிலோவோடு நின்றுவிடும், ஐந்து வயதுப் பிள்ளைக்கு அது பத்தாது.

அப்புறம் மாமியாரிடம் இதை வாதாடி ஜெயிக்க வேண்டாம். "அவன் நடக்கிறவரை நடக்கட்டும் அத்தை, களைத்தால் உட்கார ஒரு இடம் இருக்கட்டும்" என்று சொல்லிப் பாருங்கள். கூடவே அவருடைய முழங்காலைப் பற்றியும் யோசியுங்கள். பூங்கா வாசலிலேயே சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு எல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்துவிட்டு, பெரியவர்களை நாள் முழுக்க நடக்க வைக்கிற குடும்பங்கள் நிறைய. அது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும்.

நியூஜெர்சியில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய், அங்கிருந்து பேத்தியோடு ஆர்லாண்டோ போகிறோம். பேத்திக்கு இரண்டு வயது. அங்கேயே வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாமா, இல்லை விமானத்தில் கொண்டுபோக வேண்டுமா? – வாசகர், கோயம்புத்தூர்

மகள் வீட்டில் மடக்கக்கூடிய ஸ்ட்ரோலர் இருந்தால் அதையே கொண்டுபோங்கள். பூங்காவில் வாடகைக்குக் கொடுப்பது கெட்டி பிளாஸ்டிக் வண்டி. உட்கார்ந்து வேடிக்கை பார்க்க நன்றாக இருக்கும், ஆனால் சாய்த்துப் படுக்க வைக்க முடியாது. ஒரு வயதுகூட ஆகாத குழந்தைக்கு அது சரிப்படவே படாது. இதைவிடப் பெரிய சங்கடம், அதைப் பூங்காவுக்கு வெளியே கொண்டுவர முடியாது என்பதுதான். குழந்தை நன்றாக அசந்து தூங்குகிற நேரத்தில் வாசலில் வண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அங்கிருந்து பஸ் நிற்கும் இடம் வரைக்கோ கார் வரைக்கோ கையில்தான் தூக்கிப் போக வேண்டும். வாடகைக்கு எடுத்தே ஆக வேண்டும் என்றால் ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதே நாளில் இன்னொரு பூங்காவுக்குப் போனால் அதைக் காட்டி அங்கே வேறு வண்டி வாங்கிக்கொள்ளலாம், மறுபடி பணம் கட்ட வேண்டியதில்லை.

விமானத்தில் ஏறும் கதவு வரை குழந்தையை வண்டியிலேயே தள்ளிக்கொண்டு போய், அங்கே டேக் போட்டு ஒப்படைத்துவிடலாம், பெரும்பாலான விமானங்களில் இதற்குக் கட்டணம் இல்லை. பாதுகாப்புச் சோதனையில் மட்டும் குழந்தையை எடுத்துவிட்டு வண்டியை மடக்கி அனுப்பச் சொல்வார்கள். இறங்கியதும் வண்டி விமானக் கதவிலேயே கிடைக்குமா, பெட்டிகள் வரும் பெல்ட்டில் கிடைக்குமா என்று டேக் போடுகிறவரிடமே கேட்டுவிடுங்கள். கதவில் கிடைக்கும் என்று நம்பி, நீளமான நடைபாதையில் குழந்தையைச் சுமந்து நடப்பது பெரிய அலுப்பு. வண்டிக்கு ஒரு உறை போட்டுக் கொடுத்தால் சக்கரம் அடிபடாது.

டிஸ்னி ஹோட்டலில்தான் தங்குகிறோம். பஸ்ஸில் ஸ்ட்ரோலரை அப்படியே ஏற்ற முடியுமா? – வாசகி, டொராண்டோ

முடியாது, பஸ்ஸில் மடக்கித்தான் ஏற்ற வேண்டும், கார் நிறுத்துமிடத்திலிருந்து வரும் ட்ராமிலும் அப்படியே. மோனோரயிலிலும் ஃபெர்ரி படகிலும் குழந்தை உட்கார்ந்திருக்க அப்படியே தள்ளிக்கொண்டு ஏறலாம். எப்காட்டையும் இன்னொரு பூங்காவான ஹாலிவுட் ஸ்டூடியோஸையும் இணைக்கும் ஸ்கைலைனர் கேபிள் பெட்டியிலும் ஒற்றை ஸ்ட்ரோலர் பெரும்பாலும் மடக்காமல் போய்விடும்.

பஸ் வந்து நின்ற பிறகு மடக்க ஆரம்பித்தால்தான் பதற்றம். கைப்பிடியில் மாட்டிய பை, கீழ்க்கூடையில் திணித்த மழைக்கோட்டு, பாதி குடித்த பால் புட்டி, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கீழே விழும். அதனால் வரிசையில் உங்களுக்கு முன்னால் பத்துப் பேர் இருக்கும்போதே கூடையைக் காலி செய்து எல்லாவற்றையும் ஒரே தோள்பையில் போட்டு, ஒருவர் குழந்தையையும் இன்னொருவர் வண்டியையும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கையால் மடக்க வருகிறதா என்று வீட்டிலேயே பழகிப் பார்த்துவிட்டால் ரொம்ப நல்லது.

கைப்பிடிப் பையைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். பிள்ளை உட்கார்ந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, பிள்ளையைத் தூக்கிய அடுத்த நொடி பை கனத்தில் வண்டி பின்பக்கம் சாய்ந்து விழும். பக்கத்தில் இன்னொரு குழந்தை நின்றுகொண்டிருந்தால் ஆபத்து. கனமானதைக் கீழ்க்கூடையில் வையுங்கள்.

மேஜிக் கிங்டம் பூங்கா உள்ளே நுழைந்ததும் வரும் மெயின் ஸ்ட்ரீட்டில் குதிரை இழுக்கும் ட்ராமுக்கான தண்டவாளம் தரையோடு தரையாகப் பதித்திருக்கும். சின்ன முன்சக்கரம் அந்தப் பள்ளத்துக்குள் நேராக இறங்கினால் வண்டி சட்டென்று நின்று, பிள்ளை முன்னால் குலுங்கிவிடும். தண்டவாளத்தைக் குறுக்காகவே கடந்து போங்கள், பெல்ட்டும் எப்போதும் போட்டே இருக்கட்டும்.

ரைடுக்குப் போகும்போது ஸ்ட்ரோலரை வெளியே விட வேண்டுமாமே, திரும்பி வந்தால் இருக்குமா? – வாசகர், ஹூஸ்டன்

இருக்கும், ஆனால் விட்ட இடத்திலேயே இருக்காது. ஸ்ட்ரோலர் நிறுத்த என்று தனியாக இடம் குறித்திருப்பார்கள். ஆட்கள் வரவர ஊழியர்கள் வண்டிகளை நகர்த்தி நெருக்கி அடுக்கிவிடுவார்கள். கறுப்பு வண்டிகளாகவே ஐம்பது நிற்கிற இடத்தில் உங்களுடையதைத் தேட வேண்டியிருக்கும், அதனால் கைப்பிடியில் தூரத்திலிருந்தே தெரிகிற மாதிரி பளிச்சென்ற ஒரு துணியைக் கட்டிவிடுங்கள், பழைய சுங்குடித் துணி ஒரு முழம் போதும். சக்கரத்தில் பூட்டுப் போடாதீர்கள், அவர்களால் நகர்த்த முடியாமல் போகும். பாஸ்போர்ட், பணம், மருந்து மூன்றும் உங்கள் உடம்போடுதான் இருக்க வேண்டும்.

மேலே டாலஸ் வாசகிக்கும் இது உதவும்: கைக்குழந்தை இருப்பதால் பெரிய ரைடுகளை யாரும் தியாகம் செய்ய வேண்டியதில்லை. உயரக் கட்டுப்பாடு உள்ள ரைடுகளில் 'ரைடர் ஸ்விட்ச்' என்று கேளுங்கள். ஒருவர் குழந்தையோடு வெளியே இருக்க, மற்றவர்கள் போய் வருவார்கள். பிறகு காத்திருந்தவர் நீண்ட வரிசையில் நிற்காமல் போகலாம். ஸ்பேஸ் மவுண்டனுக்கு 44 அங்குலமும் செவன் டுவார்ஃப்ஸ் மைன் ட்ரெயினுக்கு 38 அங்குலமும் வேண்டும், பிள்ளையை ஆசைகாட்டுவதற்கு முன் வீட்டுச் சுவரில் நிறுத்தி அளந்துவிடுங்கள்.

வெயிலுக்கு ஸ்ட்ரோலர்மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டால் குழந்தை நிம்மதியாகத் தூங்காதா? – வாசகி, சென்னை

வேண்டாம். தயவுசெய்து வேண்டாம். மெல்லிய துணியாக இருந்தாலும், நாலாபுறமும் மூடினால் உள்ளே காற்றோட்டம் நின்று சூடு ஏறிக்கொண்டே போகும், வெளியே நிற்கிற நமக்கு அது தெரியாது. குழந்தை தூங்குகிறதா, மயங்கிக் கிடக்கிறதா என்றுகூடப் பார்க்க முடியாது. மேற்கூரையை முழுக்க இழுத்துவிட்டு முன்பக்கம் திறந்தே இருக்கட்டும், விரல் நுழையாத கூண்டு வைத்த சின்ன பேட்டரி விசிறியைக் கம்பியில் மாட்டுங்கள். கழுத்தையும் முதுகையும் அடிக்கடி தொட்டுப் பாருங்கள். வெயிலில் நிறுத்திய வண்டியில் திரும்ப உட்கார வைக்கும் முன் பெல்ட் கொக்கியை உங்கள் கையால் தொடுங்கள், தொடையில் சுட்டுவிடும்.

கவுன்ட்டரில் சாப்பாடு தரும் கடைகளில் ஐஸ் தண்ணீர் இலவசமாகவே தருவார்கள், கேட்டு வாங்கிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு பூங்காவிலும் பேபி கேர் சென்டர் இருக்கிறது: பால் கொடுக்கத் தனி அறை, டயபர் மாற்றும் இடம், உணவு சூடு செய்ய மைக்ரோவேவ், எல்லாவற்றுக்கும் மேலாக ஏசி. மதியத்தில் ஒரு தடவை அங்கே போய் வந்தால் குழந்தையின் முகமே மாறிவிடும். வெளிச் சாப்பாட்டுக்கும் தடையில்லை, தயிர்சாதமும் இட்லியும் தாராளமாகக் கொண்டுபோகலாம், கண்ணாடிப் பாத்திரம் மட்டும் கூடாது. குழந்தை உணவின் சின்னக் கண்ணாடிப் புட்டிக்கு விலக்கு உண்டு.

ஃப்ளோரிடாவில் கோடைப் பிற்பகல் என்றால் இடியும் மழையும் அடிக்கடி வரும். ரைடுக்கு உள்ளே போகும்போது வானம் தெளிவாக இருந்தாலும், நிறுத்திய வண்டிமேல் மழையுறையைப் போட்டுவிட்டுப் போங்கள். குழந்தையை உட்கார வைத்ததும் காற்று வரும்படி அதை எடுத்துவிட வேண்டும்.

என் மகனுக்கு ஆறு வயது, ஆட்டிசம். கூட்டத்தில் ஸ்ட்ரோலரில் இருந்தால்தான் அமைதியாக இருப்பான். வரிசைக்குள் விடமாட்டார்கள் என்பதால் பயணத்தையே தள்ளிப்போடுகிறோம். – வாசகி, சிங்கப்பூர்

தள்ளிப்போட வேண்டாம் அம்மா. பூங்காவில் இறங்கியதும் கெஸ்ட் ரிலேஷன்ஸ் அலுவலகத்துக்குப் போய், மகனுக்கு ஸ்ட்ரோலர்தான் சக்கர நாற்காலி மாதிரி என்று சொல்லுங்கள். அதற்கென்றே ஒரு டேக் தருவார்கள். அதை வண்டியில் கட்டிவிட்டால் சக்கர நாற்காலி போகிற வரிசைகளில் எல்லாம் மகனை அதிலேயே வைத்துத் தள்ளிக்கொண்டு போகலாம். இதனால் வரிசை சீக்கிரம் முடிந்துவிடாது. அவனுக்கு நீண்ட நேரம் வரிசையில் நிற்கவே முடியாது என்றால் அது வேறு ஏற்பாடு, பெயர் டாஸ் (DAS, 'டிஸெபிலிட்டி ஆக்சஸ் சர்வீஸ்' என்பதன் சுருக்கம்). அதற்குப் பயணத்துக்கு முன்பே வீடியோ அழைப்பில் பதிவு செய்ய வேண்டும். அழைப்பின்போது மகனும் உங்கள் பக்கத்தில் இருக்க வேண்டும், எனவே ஃப்ளோரிடா நேரத்தைக் கணக்குப் பார்த்து, அவன் விழித்திருக்கிற நேரமாகத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள்.