படையில் கற்றது வெளியே செல்லுமா? முன்னாள் படைவீரர்களின் லைசென்ஸ் கேள்விகள்

ராணுவ ரெக்கார்ட்ஸ் ஆபீஸில் கிளார்க்காக இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன் நான். ஊருக்கு வந்ததும் மற்றவர்களுக்குப் பேப்பர் வேலை பார்த்துக் கொடுப்பது பழக்கமாகிவிட்டது. என்னிடம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.

ஆர்மியில் டி.எம்.டி.யாக, அதாவது வண்டி டிரைவராக இருந்தேன், சார். மிலிட்டரி லைசென்ஸ் இருக்கிறது. அதை வைத்து ஊரில் லாரி ஓட்டலாமா? (திருவண்ணாமலை)

கூடாது, தம்பி. அது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 18-ன்படி தந்தது. அரசின் பாதுகாப்புப் பணி வண்டிக்கு மட்டும்தான் செல்லும். லாரி கிடக்கட்டும், சொந்தக் காரைக்கூட அதை வைத்து ஓட்ட முடியாது.

ஆனால் பிரிவு 9(3) உங்கள் பக்கம் இருக்கிறது. பிரிவு 18 லைசென்ஸ் வைத்திருப்பவரோ, முன்பு வைத்திருந்தவரோ, அதே வகை வண்டிக்கு சிவில் லைசென்ஸ் கேட்டால் ஓட்டிக் காட்டும் டெஸ்ட் தேவையில்லை. இந்த 'அதே வகை'யில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். டிஸ்சார்ஜ் புக்கில் 'டி.எம்.டி.' என்று மூன்றெழுத்து மட்டும் இருக்கும். அதை நீட்டினால் கவுன்டரில் இருப்பவருக்கு என்ன புரியும்? ஒரு இடத்தில் "டி.எம்.டி.ன்னா கம்பிதானே?" என்று கேட்டார்களாம்! அதனால் எந்த வகை வண்டி, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று யூனிட்டிலிருந்தே முத்திரையோடு எழுதி வாங்குங்கள். மிலிட்டரி லைசென்ஸின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். லாரிக்கு மருத்துவச் சான்று, படிவம் 1-ஏ, தனியாக வேண்டும். அப்படியும் டெஸ்டுக்கு வரச் சொன்னால் சண்டை வேண்டாம். பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு மனு எழுதிக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

இத்தனை வருஷம் சென்ட்ரி நின்றவனுக்கு செக்யூரிட்டி கார்டு டிரெயினிங் எதற்கு? (வேலூர்)

கோபம் நியாயம்தான். ஆனாலும் தனியார் பாதுகாப்பு முகமைகள் சட்டம் 2005 பயிற்சி கேட்கிறது. அதன்கீழ் வந்த மத்திய மாதிரி விதிகளில் உங்களுக்குச் சலுகை உண்டு. புதிதாக வருபவருக்கு 100 மணி நேர வகுப்பு, 60 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 20 வேலை நாள். முன்னாள் படைவீரருக்கும் முன்னாள் போலீஸாருக்கும் 40 மணி நேர வகுப்பு, 16 மணி நேரக் களப்பயிற்சி, குறைந்தது 7 வேலை நாள். என்னைக் கேட்டால் இது சரியான ஏற்பாடு. சென்ட்ரி டியூட்டியை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டாம். மால் வாசலில் பொதுமக்களிடம் எப்படிப் பேசுவது, ஒருவரைப் பிடித்து வைக்க உங்களுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது வேறு பாடம். முழுப் பயிற்சிக்குப் பணம் கட்டச் சொன்னால் டிஸ்சார்ஜ் புக்கைக் காட்டிக் குறுகிய பயிற்சியைக் கேளுங்கள்.

அப்படியென்றால் துப்பாக்கி ஏந்தும் கன்மேன் வேலைக்கு? (அதே நண்பர்)

அது வேறு. ரைபிளில் எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் ஆயுதச் சட்டம் 1959-ன்படி உரிமம் வாங்கியே ஆக வேண்டும். மாவட்டத்தில் கலெக்டரிடம், சென்னையில் கமிஷனரிடம் விண்ணப்பிக்க வேண்டும்.

ஏர்ஃபோர்ஸில் இன்ஜின் ஃபிட்டர். விமானப் பராமரிப்புப் பொறியாளர் லைசென்ஸ் நேரடியாகக் கிடைக்குமா, அண்ணா? (தாம்பரம்)

நேரடியாகக் கிடைக்காது. சிவில் விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் டி.ஜி.சி.ஏ.வின் கார்-66 (CAR-66) விதி, படை விமானங்களில் பார்த்த பராமரிப்பு அனுபவத்தை, அது சமமானதாக இருந்தால், ஏற்கிறது. ஆனால் அதற்கு மேல் சிவில் விமானப் பராமரிப்பிலும் கொஞ்ச காலம் இருந்திருக்க வேண்டும். தேர்வுத் தாள்களும் உண்டு. என்ன வேலை செய்தீர்கள் என்பதற்குத் தேதிவாரியாக, மேலதிகாரி கையெழுத்தோடு பதிவு வேண்டும். "நன்றாகப் பணியாற்றினார்" என்ற நற்சான்றை ஃபிரேம் போட்டு மாட்டலாம், இதற்கு உதவாது.

15 வருஷம் முடித்தால் டிகிரிக்குச் சமம் என்கிறார்களே? (தேனி)

பாதிதான் உண்மை. பத்தாம் வகுப்புத் தகுதியும் 15 ஆண்டு சேவையும் இருந்தால், பட்டம் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி பதவிகளில், முன்னாள் படைவீரருக்கான ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கலாம். 1986-ல் வந்த ஆணை அது. தொழில்நுட்ப அனுபவம் கட்டாயமான பதவிக்குப் பொருந்தாது. அதைக் காட்டித் தொழில் லைசென்ஸ் எதுவும் கேட்க முடியாது.

நேவியிலிருந்து மெர்ச்சன்ட் நேவி? (தூத்துக்குடி)

வழி இருக்கிறது. 2020-ல் கடற்படையும் கப்பல் துறைத் தலைமை இயக்குநரகமும் இதற்காகவே ஒப்பந்தம் போட்டன. கடலில் இருந்த நாள்களுக்கான சான்றை முதலில் வாங்குங்கள், கப்பல் ஊழியர்களுக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. பயிற்சி கோர்ஸ் அப்புறம்.

இன்னும் சர்வீஸில்தான் இருக்கிறேன், சார். இப்போதே என்ன செய்து வைக்கலாம்? (மதுரை)

ஓய்வு பெறும் வீரர்களுக்கு வேலைப் பயிற்சி தரும் டி.ஜி.ஆர். (மறுவாழ்வுத் தலைமை இயக்குநரகம்) கோர்ஸுக்கு யூனிட் வழியாக மனு போடுங்கள். கூடவே, ஆதார், பத்தாம் வகுப்புச் சான்றிதழ், சர்வீஸ் பதிவு மூன்றிலும் பெயரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். ஒரு எழுத்து மாறியிருந்தாலும் சர்வீஸில் இருக்கும்போதே பார்ட் டூ ஆர்டர் (சர்வீஸ் பதிவில் மாற்றத்தை ஏற்றும் யூனிட் ஆணை) போட்டுத் திருத்திவிடுங்கள். வெளியே வந்த பிறகு அதே வேலைக்கு அஃபிடவிட், கெஜட் என்று அலைய வேண்டியிருக்கும்.