நாய் முனகினால் பக்கத்தில் இருக்கிறாள்

கேள்வி: பினாங்கு ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீட்டில் வசிக்கிறேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்து நள்ளிரவில் வீடு திரும்பும் பெண்ணைப் பொந்தியானாக் என்ற மலாய்ப் பேய் மறிப்பதாகப் பதினான்கு பக்கத்தில் ஒரு கதை எழுதினேன். படித்த தோழிகள் சிரித்துவிட்டார்கள். எங்கே தவறினேன்? பேயைத் தமிழ்ப் பேயாக மாற்றிவிடலாமா?

பதில்: சிரித்ததற்காக வருந்தாதீர்கள். கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் சமைத்துப் பந்தி வைக்கும்போது நமக்கும் சிரிப்புத்தான் வருகிறது. என்ன, சயங்கொண்டார் அதை வேண்டுமென்றே செய்தார். உங்களுக்குக் கை தவறிவிட்டது.

தவறிய இடம் நீங்கள் அனுப்பிய ஒன்பதாம் பக்கத்திலேயே இருக்கிறது. "கோரமான அந்த உருவம் செவிப்பறை கிழியும்படி பயங்கரமாக அலறியது!" பொந்தியானாக்கைப் பற்றி மலாய்க்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. அவள் குரல் உரக்கக் கேட்டால் தொலைவில் இருக்கிறாள். மெல்லக் கேட்டால் பக்கத்தில் வந்துவிட்டாள். நாய்க்கும் அதே கணக்குத்தான்: ஊளையிட்டால் தூரம், முனகினால் அருகில். இந்தக் கணக்கை உங்கள் கதைக்குப் போட்டுப் பாருங்கள். வாசலுக்கு வந்த பேய் கத்துகிறது, கூடச் சேர்ந்து நீங்களும் கத்துகிறீர்கள். ஒரே பத்தியில் 'பயங்கரம்' நான்கு முறை, வியப்புக்குறி ஏழு. வாசகருக்கு அவள் எங்கோ ஆயர் ஈத்தாமில் நிற்பதாகத்தான் தோன்றும்.

அதே காட்சியை இப்படி எழுதிப் பாருங்கள். தொழிற்சாலை பஸ் இறக்கிவிட்டுப் போய்விட்டது. மின்தூக்கியில் எண்கள் ஏறுகின்றன: 2, 3, 3ஏ, 5. (சீனர்களுக்கு நான்கு என்ற ஒலி சாவை நினைவூட்டுவதால் வந்த 3ஏ. இதைக் கதையில் விளக்காதீர்கள். நம் ஊர் வாசகர் தினமும் அந்தப் பொத்தானைப் பார்க்கிறார்.) ஆறாம் மாடி. அவள் காலடி கேட்டாலே கம்பிக் கதவில் பாய்ந்து குரைக்கும் எதிர்வீட்டு நாய், இன்று படுத்தபடியே முனகுகிறது. அவள் பையில் சாவியைத் துழாவுகிறாள். இடுகாட்டில் பூக்கும் கம்போஜாவின் மணம். ஆறாம் மாடியில் ஏது மரம்? அங்கே பத்தியை முடித்துவிடுங்கள். உருவம், பல், நகம், எதுவும் வேண்டாம்.

என் பாட்டி நிபோங் திபால் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். விடியுமுன் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக வடியும் என்பதால் இருட்டிலேயே நெற்றி விளக்கோடு மரத்துக்குப் போக வேண்டும். அவரிடம் பேய்க்கதைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் பேய்க்குக் கண் எப்படி இருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. மரத்தில் பால் பிடிக்க நேராக வைத்துவிட்டுப் போன மங்கு, பால் எடுக்கத் திரும்பியபோது கவிழ்ந்திருந்தது என்பார். வரிசையில் ஒரே ஒரு மரத்தில். நாங்கள் அதற்குப் பிறகு கொல்லைப்புறம் போகவே மாட்டோம்.

பேயை மாற்ற வேண்டாம். பொந்தியானாக் பிரசவத்தில் இறந்த பெண். வயிற்றுச் சுமையோடு இறந்தவள் நினைவாகத் தமிழ்நாட்டில் சுமைதாங்கிக் கல் நட்டார்கள், வழிப்போக்கர்கள் தலைச்சுமையை இறக்கிவைக்கட்டும் என்று. அந்தத் துயரம் நமக்கு அந்நியமில்லை. உங்கள் கதையில் அந்நியமாக இருப்பது வேறொன்று: இவள் ஏன் உங்கள் நாயகியைத் தேடி வருகிறாள்? பதினான்கு பக்கத்திலும் அதற்கு ஒரு வரி இல்லை. யாரை வேண்டுமானாலும் மறிக்கும் பேய், போக்குவரத்து போலீஸ்காரரைப் போல ஆகிவிடுகிறது.

காரணம் தேடி வெகுதூரம் போக வேண்டாம், தொழிற்சாலை உங்கள் கையிலேயே இருக்கிறது. பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரம் 1972இல் தொடங்கியது. அந்தப் பத்தாண்டில் மலேசிய மின்னணுத் தொழிற்சாலைகளில் பெண் தொழிலாளர்கள் கூட்டங்கூட்டமாகப் பேய் பிடித்து அலறி, வேலையே நின்றுபோனதுண்டு. நுண்ணோக்கிக்குள் உருவங்களைக் கண்டதாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். பினாங்கில் பிறந்த மானிடவியலாளர் ஐஹ்வா ஓங் 1987இல் வெளியிட்ட நூலில் இவற்றை வேலைச் சுமையோடும் கண்காணிப்போடும் சேர்த்து ஆராய்ந்தார். உங்கள் நாயகி அன்று முழுக்க எதன்மீது கண்ணை வைத்திருந்தாள்? கழிப்பறைக்குப் போக யாரிடம் அனுமதி கேட்டாள்? பக்கத்து நாற்காலி ஏன் காலியாக இருந்தது? நீங்கள் 'வேலை முடிந்து' என்ற இரண்டே சொல்லில் கடந்துவிட்டீர்கள். எனக்கு அந்த நாற்காலியில்தான் சந்தேகம்.

வாசிப்புக்கு இப்போதைக்கு ஒன்றே போதும்: புதுமைப்பித்தனின் 'காஞ்சனை'. கதை முடிந்த பிறகும் அந்த வேலைக்காரி யார் என்று அடித்துச் சொல்ல முடியாது. முதல் தடவை கதைக்காகப் படியுங்கள். இரண்டாம் தடவை, அவர் எதையெல்லாம் சொல்லாமல் விட்டிருக்கிறார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டே போங்கள்.

திருத்தும்போது, கடைசி இரண்டு பக்கத்தில் வந்து திருநீறு போட்டு எல்லாவற்றையும் விளக்கிவிடும் பூசாரியை அனுப்பிவிடுங்கள். நல்ல மனிதர்தான், ஆனால் அவர் வந்ததும் விளக்கு எரிந்துவிடுகிறது. நாயகி கதவைத் திறந்து உள்ளே போய்த் தாழிடுவதோடு நிறுத்தலாம். அதற்குப் பிறகு எதிர்வீட்டு நாய் குரைக்க வேண்டுமா, கூடாதா என்பதை மட்டும் யோசித்து வையுங்கள்.