அக்லி அறைக்கு மாற்றிய .30-30 லீவர் ரைஃபிளுக்குக் கைத்தோட்டா தயாரிக்கும்போது வெடிமருந்தை எதுவரை கூட்டலாம்?

நீங்கள் வாங்கிய பழைய மார்லின் 336 லீவர் ரைஃபிளின் (கீழே உள்ள நெம்புகோலை இயக்கித் தோட்டா ஏற்றும் துப்பாக்கி) அறையை, அதாவது குழலில் தோட்டா அமரும் இடத்தை, முந்தைய உரிமையாளர் .30-30 வின்செஸ்டரிலிருந்து .30-30 அக்லி இம்ப்ரூவ்டு என்னும் பெரிய தோட்டாவுக்குக் குடைந்து மாற்றியிருக்கிறார். இதற்குக் கடையில் ஆயத்தத் தோட்டா கிடைக்காததால் நீங்களே தயாரிக்க விரும்புகிறீர்கள். தோட்டாவின் பித்தளைக் கூடு பெரிதாகிவிட்டதே, வெடிமருந்தை எதுவரை கூட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். மொன்டானாவில் வசிக்கும் நான், இதே மாற்றம் செய்யப்பட்ட 336 ஒன்றை ஏழு ஆண்டுகளாக மான் வேட்டைக்குப் பயன்படுத்தி வருகிறேன். சொந்த உபயோகத்துக்குத் தோட்டா தயாரிக்க அமெரிக்காவில் கூட்டரசு உரிமம் தேவையில்லை. இந்தியாவில் 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இன்றித் தோட்டா செய்வது குற்றம் என்பதை இதைப் படிக்கும் மற்றவர்கள் நினைவில் கொள்ள வேண்டும்.

முதலில் உங்கள் கேள்விக்கு நேரான விடை: அறை பெரிதானதால் ரைஃபிளின் பலம் கூடவில்லை. பழைய தோட்டாவுக்கு என்ன அழுத்த எல்லையோ அதுவேதான் புதியதற்கும் எல்லை. .30-30-க்கு அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர் சங்கம் வைத்திருக்கும் உச்சவரம்பு சதுர அங்குலத்துக்கு 42,000 பவுண்டு. கூட்டின் அடிப்பகுதியின் விட்டம் ஏறத்தாழ 0.42 அங்குலம். இரண்டையும் வைத்துக் கணக்கிட்டால், சுடும் கணத்தில் அறையின் பின்வாயை மூடி நிற்கும் பூட்டை நோக்கிப் பின்னால் வரும் விசை அதிகபட்சமாகச் சுமார் 5,800 பவுண்டு, அதாவது இரண்டரை டன்னுக்கும் மேல். கூட்டின் சுவர் விரிந்து அறைச் சுவரைப் பற்றிக்கொள்வதால் இதில் ஒரு பகுதி குறையும். மீதியைத் தாங்குவது பூட்டுத்தண்டின் பின்புறத்தில் கீழிருந்து எழும் ஒரே ஒரு பூட்டுத்துண்டு. முன்பக்கம் பூட்டும் போல்ட் ரைஃபிளைப்போல் இது விறைப்பாக நிற்காது. ஒவ்வொரு சூட்டுக்கும் சற்றே நசுங்கி மீளும். அந்த அசைவின் விலையைக் கொடுப்பது பித்தளைக் கூடுதான்: அடிக்குச் சற்று மேலே இழுபட்டு, மெலிந்து, ஒருநாள் அறுந்து போகும்.

இந்தக் குறையைத்தான் பார்க்கர் அக்லி கவனித்தார். 1903-இல் பிறந்து 1989-இல் மறைந்த அந்தத் துப்பாக்கிக் கைவினைஞர், கூட்டின் பக்கவாட்டுச் சரிவைக் குறைத்துத் தோளை (உடல் கழுத்தாகக் குறுகும் இடத்தை) 40 பாகைக்கு நிமிர்த்தினார். சுவர் நேராக இருந்தால் அது அறையை இறுகப் பிடிக்கும். பூட்டின்மேல் விழும் தள்ளல் குறையும். இதைக் காட்ட அவர் வின்செஸ்டர் 94 ஒன்றின் பூட்டுத்துண்டையே அகற்றிவிட்டுச் சுட்டுப் பார்த்தார்; கூடு அறையைவிட்டு வெளியேறவில்லை. இந்தச் சோதனையைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டு, அக்லி அறை என்றால் அழுத்தத்தை ஏற்றலாம் என்று எண்ணிவிடுகிறார்கள். அந்தப் பிடிப்பு, உலர்ந்து சுத்தமாக இருக்கும் அறையில் கிடைப்பது. துடைக்காமல் விட்ட ஒரு துளி எண்ணெய் அதைக் குலைத்துவிடும். அழுத்தம் ஏறினால் பிடிப்பு அதே விகிதத்தில் ஏறி நம்மைக் காக்கும் என்று அவரது சோதனை எங்கும் சொல்லவில்லை.

மருந்தைப் பற்றி யோசிக்கும் முன் உங்கள் அறை உண்மையில் எது என்று உறுதி செய்யுங்கள். நான் வாங்கிய ரைஃபிளின் குழலில் '.30-30' என்ற பழைய முத்திரை மட்டுமே இருந்தது; அறையைக் குடைந்தவர் புதிய பெயரைப் பொறிக்கவில்லை, விற்றவரும் சொல்லவில்லை. முதல் நாள் கடைத் தோட்டாவைச் சுட்டுவிட்டுத் தரையில் விழுந்த கூட்டைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது. .30-30 கூட்டின் தோள், குடத்தின் கழுத்தை நோக்கிப் போகும் வளைவைப்போல் மெல்லச் சரிந்திருக்கும். என் உள்ளங்கையில் சூடாகக் கிடந்ததோ தோள் விறைத்து, கழுத்தில் கரி படிந்து, வேறொரு தோட்டாவின் கூட்டைப்போல் இருந்தது.

அன்று மாலையே அறையை வார்த்துப் பார்த்தேன். மார்லினில் லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவர் வந்துவிடும். பூட்டுத்தண்டைப் பின்னால் இழுத்து எடுத்துவிடலாம். குழலுக்குள் தொண்டைக்குச் சற்று முன்னால் துணி அடைத்து, செர்ரோசேஃப் என்னும் பிஸ்மத் கலவையை உருக்கி ஊற்ற வேண்டும். இது 70 முதல் 88 பாகை செல்சியசுக்குள், அதாவது நீர் கொதிக்கும் முன்பே உருகிவிடும். ஈயமும் காட்மியமும் கலந்தது என்பதால் காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள். இறுகியதும் முதலில் சற்றுச் சுருங்கும். பிறகு மெல்ல விரிந்து, சுமார் ஒரு மணி நேரத்தில் அறையின் சரியான அளவுக்கு வரும். அப்போதுதான் காலிப்பரை வைத்து அளக்க வேண்டும்.

கூட்டுக்குத் தனி அலைச்சல் இல்லை. சாதாரண .30-30 தோட்டாவையே அக்லி அறையில் பாதுகாப்பாகச் சுடலாம். தோட்டாவை நிறுத்திப் பிடிப்பது பின்புற விளிம்பு என்பதால் தோள் எங்கிருந்தாலும் கவலையில்லை. சுட்டதும் கூடு அறையின் வடிவத்துக்கு விரிந்து வரும். நீளம் சற்றுக் குறையும். நூற்றில் ஒன்றிரண்டு கழுத்தில் கீறும், அவற்றை எறிந்துவிடலாம். அதன்பின் அக்லி டையை (கூட்டை அழுத்திச் சரியான அளவுக்குக் கொண்டுவரும் அச்சை), தோளை ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் இரண்டு பங்கு மட்டும் பின்தள்ளும்படி பொருத்துங்கள். இனித் தோட்டாவைத் தோளே நிறுத்தும். இழுபடுவது பெருமளவு குறையும். கழுத்தை மட்டும் இறுக்கினால் போதும் என்பது போல்ட் ரைஃபிள்காரர்களின் பழக்கம். லீவருக்குத் தோட்டாவை அழுத்தி உள்ளே தள்ளும் வலு கிடையாது. கூடு முழுவதையும் டையில் செலுத்தியே ஆக வேண்டும்.

நான் தவறிய இடம் இதற்கு அடுத்தது. விரிந்து வந்த கூடுகளை ஒரே நீளத்துக்கு வெட்டாமல், பார்வைக்குச் சமமாக இருக்கின்றன என்று நம்பி, 170 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) குண்டுகளைப் பதித்து வாயை இறுக்கினேன். குழலுக்குக் கீழே தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் குழாய்க் கிடங்கில் ஆறு தோட்டாக்களை இட்டு நான்கைச் சுட்டபின், மீதமிருந்த இரண்டை வெளியே எடுத்து அளந்தேன். 2.550 அங்குலமாகப் போனவற்றில் ஒன்று 2.521 ஆகத் திரும்பியிருந்தது. கிடங்கின் சுருள்வில்லும் ஒவ்வொரு சூட்டின் உதையும் சேர்ந்து குண்டைக் கூட்டுக்குள் அமுக்கியிருந்தன. அந்தக் கூடு மற்றவற்றைவிடக் குட்டையானது. இறுக்கும் டை அதன் வாயைச் சரியாகத் தொடவே இல்லை. குண்டு உள்ளே போனால் மருந்துக்கான இடம் சுருங்கும், அழுத்தம் ஏறும். அன்றிலிருந்து எல்லாக் கூடுகளையும் ஒரே நீளத்துக்கு வெட்டி, குண்டின் பள்ளவரியில் வாய் அமரும்படி இறுக்குகிறேன். குழாய்க் கிடங்கில் ஒரு குண்டின் முனை முன்னிருக்கும் தோட்டாவின் பிரைமரை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியை) தொட்டபடி இருப்பதால், தட்டை முனைக் குண்டோ, குழாய்க் கிடங்குக்கென்றே நெகிழும் முனை வைத்துச் செய்த குண்டோ மட்டுமே போட வேண்டும். மற்றக் கூர்முனைக் குண்டுகள் கூடவே கூடாது.

இப்போது மருந்து. எத்தனை கிரெய்ன் என்று நான் எழுதப்போவதில்லை; ஒரு ரைஃபிளுக்குப் பொருந்திய எடை இன்னொன்றுக்கு அளவுமீறியதாகிவிடலாம். மருந்து நிறுவனங்கள் சாதாரண .30-30-க்கு வெளியிட்டிருக்கும் தொடக்க எடையிலிருந்து ஆரம்பியுங்கள். அக்லி தோட்டாவுக்கென்று பழைய புத்தகங்களில் காணும் எடைகள் பெரும்பாலும் அழுத்தமானியில் அளக்காமலேயே குறிக்கப்பட்டவை. நான் அவற்றைத் தொடுவதில்லை. அரை கிரெய்ன் வீதம் ஏற்றி, ஒவ்வொரு படிக்கும் ஐந்து சுட்டு, வேகமானியில் பதிவு செய்யுங்கள். இதைக் கோடையில் செய்வது நல்லது. குளிரில் எல்லையைத் தொட்ட மருந்து ஜூலை வெயிலில் அதைத் தாண்டிவிடக்கூடும்.

வேகமானி இல்லாமல் இந்த வேலையில் இறங்க வேண்டாம் என்று உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். பிரைமர் தட்டையாவது, பூட்டு இறுகித் திறக்க மறுப்பது போன்ற அறிகுறிகளைப் பார்த்து நிறுத்திக்கொள்ளலாம் என்று போல்ட் ரைஃபிள் பழகியவர்கள் சொல்வார்கள். அந்த அறிகுறிகள் பெரும்பாலும் 60,000 பவுண்டு அழுத்தத்தின் அருகேதான் தெரியத் தொடங்கும். 42,000-க்குக் கட்டப்பட்ட ரைஃபிளில் அவை தெரியும்போது எல்லையை எப்போதோ கடந்திருப்பீர்கள். வேகம் அப்படி ஏமாற்றாது. கூட்டின் கொள்ளளவு நூற்றுக்கு எவ்வளவு கூடுகிறதோ அதில் கால் பங்கு அளவே, அதே அழுத்தத்தில், வேகம் கூடும் என்பது கைத்தோட்டாக்காரர்களின் பழைய கணக்கு. என் கூடுகளில் தண்ணீர் நிரப்பி நிறுத்தபோது கொள்ளளவு எட்டு சதவீதம் கூடியிருந்தது. அப்படியென்றால் வேகம் இரண்டு சதவீதம். கடைத் தோட்டா என் 20 அங்குலக் குழலில் நொடிக்கு 2,090 அடி ஓடியது. நான் 2,130-இல் நிறுத்திக்கொண்டேன். அதற்குமேல் இன்னும் இருநூறு அடி கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது கூட்டின் கொள்ளளவிலிருந்து வரவில்லை, அழுத்தத்திலிருந்து வருகிறது.

உண்மையிலேயே பெரிய மாற்றங்களும் உண்டு. 1950-களில் அலாஸ்காவின் கீனாய் தீபகற்பத்தில் ஹெரால்டு ஜான்சன், கரடிகளுக்காக .348 வின்செஸ்டர் கூட்டை விரித்து .450 அலாஸ்கன் தோட்டாவை உருவாக்கினார். அதன் அடிவிட்டம் சுமார் 0.55 அங்குலம், அழுத்தம் அதேயானாலும் பூட்டின்மேல் வரும் விசை .30-30-ஐவிடச் சுமார் 1.7 மடங்கு. இரண்டு பூட்டுத்துண்டுகள் செங்குத்தாக ஏறும் வின்செஸ்டர் 1886-இன் உறுதியான அமைப்பு அதைத் தாங்கியது. அதே வின்செஸ்டர் நிறுவனம் 1978-இல் தன் 94 ரைஃபிளை .375 வின்செஸ்டர் தோட்டாவுக்குக் கொடுத்தபோது உடற்பகுதியின் பின்சுவர்களைத் தடிப்பாக்கிய பின்பே கொடுத்தது. உங்கள் ரைஃபிளில் அப்படி எதுவும் தடிப்பாக்கப்படவில்லை. அறை மட்டுமே குடையப்பட்டிருக்கிறது.

எனக்கு இந்த மாற்றத்தால் கிடைத்த பயன், அந்த நாற்பது அடி வேகத்தைவிடக் கூட்டின் ஆயுள்தான். முனை வளைத்த மெல்லிய கம்பியைக் கூட்டுக்குள் விட்டு உட்சுவரைக் கீழிருந்து மேலாக வருடுவேன். அடிக்கு மேலே பள்ளம் தட்டுப்பட்டால் அந்தக் கூட்டின் கதை முடிந்தது. முன்பு வைத்திருந்த மாற்றப்படாத .30-30 ஒன்றில் நான்காவது நிரப்பலிலேயே கம்பி தடுக்கத் தொடங்கியது. இந்த ரைஃபிளில் ஒரே பெட்டியைச் சேர்ந்த இருபது கூடுகளைக் கடந்த வாரம் எட்டாவது முறையாக நிரப்பினேன். கம்பி இன்னும் வழுக்கிக்கொண்டே மேலே வருகிறது.